பாடாதவர்களின் இயக்குநர்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓர் ஓபரா (வசனத்தையும் பாட்டாகவே பாடும் மேலைநாட்டு இசைநாடகம்) பதிவைப் போட்டேன். திரையில் ஒரு முற்றம், சாம்பல் நிறச் சுவர்கள். வேலைக்காரப் பெண்கள் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். சரக் சரக் என்று துடைப்பச் சத்தம் லேசாகக் கேட்கிறது, இசை இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பெருக்கி முடிந்தபாடில்லை. பதிவில்தான் ஏதோ கோளாறு என்று வால்யூமை முழுசாக ஏற்றினேன். அடுத்த நொடி அதற்கு இசையமைத்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தன் நூற்றுச் சொச்சம் வாத்தியங்களோடு என் காதுக்குள் குதித்தார்.

அது ‘எலெக்ட்ரா’. 2013 ஜூலையில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் விழாவுக்காக பாத்ரிஸ் ஷெரோ இயக்கியது. அவர் இயக்கிய கடைசி ஓபராவும் அதுதான். அரங்கேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 7 அன்று நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 68.

காது வலி அடங்கியதும் அந்தப் பெருக்கலைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. நாடகத்தில் ஓர் இயக்குநர் ‘இந்த இடத்தில் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு அடுத்த வசனத்தைப் பேசு’ என்று சொல்லலாம். ஓபராவில் அந்த வசதி கிடையாது. ஒரு பாத்திரம் பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் தயங்க வேண்டும் என்பதை இசையமைப்பாளர் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். இசைக்குழுவை நடத்துபவர் கையில் கோலோடு அதற்குக் காவல் நிற்கிறார். (நடத்துநர் என்று ஒரே சொல்லில் எழுதலாம்தான். எனக்கு பஸ்ஸும் விசிலும் ஞாபகம் வந்துவிடுகிறது. விசில் பின்னால் வரும், பொறுங்கள்.) இயக்குநருக்கு என்று சொந்தமாக நேரம் இருப்பது முதல் ஸ்வரம் விழும்வரைக்கும்தான். ஷெரோ அதை எடுத்து வேலைக்காரிகள் கையில் கொடுத்தார். அரண்மனையில் யாரையோ வெட்டிக் கொன்றிருக்கிறார்கள், மறுநாளும் யாராவது வாசல் பெருக்கித்தானே ஆகவேண்டும்.

நேரம் முழுக்க இசைக்கே போய்விட்டால் இயக்குநருக்கு என்னதான் மிச்சம்? செட், உடை, ஒளி என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். ஷெரோவுக்குக் கிடைத்த மிச்சம், ஒருவர் பாடும்போது பக்கத்தில் பாடாமல் நிற்கிறாரே, அந்த ஆள். என் கட்சி இதுதான்: அவருடைய மொத்தத் தொழிலும் அந்த ஆளைச் சுற்றித்தான் நடந்தது.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. கல்லூரி நாடகத்தில் வாயிற்காவலன் வேஷம், வசனமே கிடையாது. “நான் என்ன சார் செய்யணும்?” என்று கேட்டதற்கு, “சும்மா நில்லுப்பா, ஆடாம இரு, போதும்” என்றார் இயக்கியவர். ராஜா பெற்ற மகனையே நாடு கடத்துகிறார், ராணி மயங்கி விழுகிறாள், நான் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவர் மின்விசிறியைப் பார்த்தபடி நாற்பது நிமிடம் நின்றேன். அதற்குப் பிறகு எந்த மேடையைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஓரத்தில் நிற்பவர்களிடம்தான் போகும்.

ஷெரோ இசைக்காரர் இல்லை. அப்பா, அம்மா இருவரும் ஓவியர்கள். 1966இல், 22 வயதில், பாரீஸுக்கு வெளியே சார்த்ருவில் என்ற ஊரின் நாடக அரங்கம் அவர் பொறுப்புக்கு வந்தது. மூன்றே வருடத்தில் அது திவால். அந்தக் கடனைப் பல வருடம் கட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் இத்தாலி, மிலானில் பிக்கோலோ தியேட்டர். பிறகு வில்லெர்பான், நாந்தேர் என்று பிரெஞ்சு நாடக உலகின் பெரிய இடங்கள். நடுநடுவே சினிமா. ஓபரா என்று எடுத்தால் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தும் ஒரு டஜனை ஒட்டித்தான் இருக்கும். இன்றைக்கு ஒரு பிரபல ஓபரா இயக்குநர் நாலைந்து வருடத்தில் அடித்துத் தள்ளுகிற எண்ணிக்கை அது.

அந்த டஜனில் ஒன்றுதான் 1976இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரத்தில் நடந்த கலாட்டா. இசையமைப்பாளர் வாக்னர் தன் ஓபராக்களுக்காகவே கட்டிய அரங்கம் அங்கே இருக்கிறது. 1876இல் அங்கே முதன்முதலாக முழுசாக அரங்கேறிய ‘நீபெலுங் மோதிரம்’ என்ற அவருடைய நான்கு ஓபராத் தொடர் நூறு வருடத்தை எட்டியிருந்தது. நான்கு ராத்திரிகள், எல்லாம் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் வரும். நூற்றாண்டுத் தயாரிப்புக்கு முதலில் பீட்டர் ஷ்டைன் என்ற ஜெர்மன் இயக்குநரிடம் பேசி, சரிப்பட்டு வரவில்லை. இசைக்குழுவை நடத்த ஒப்புக்கொண்டிருந்த பியர் பூலெஸ் இந்தப் பையனைக் கைகாட்டினார். பையன் என்று சொல்வது அவர்கள் பார்வையில். 31 வயது, அதற்கு முன் இயக்கியிருந்தது இரண்டே ஓபரா, அதிலும் பிரெஞ்சுக்காரர். ஜெர்மன் புராணக் கடவுள்களை ஒரு பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திரை தூக்கியதும் ரைன் நதி வரவேண்டிய இடத்தில் ஒரு நீர்மின் அணைக்கட்டு. நதிக் கன்னிகள் தெருவில் நின்று ஆள் பிடிக்கும் பெண்களைப் போல உடுத்தியிருந்தார்கள். கடவுள்களின் தலைவன் வோட்டான், வாக்னர் காலத்து முதலாளிமார் போடும் நீளக் கோட்டில் வந்தான். பார்க்க வந்தவர்கள் கையோடு விசில் கொண்டுவந்து ஊதினார்கள் (சொன்னேன் இல்லையா). துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். பார்வையாளர்களுக்குள்ளேயே கைகலப்பு. நான்கு வருடம் கழித்து, 1980 ஆகஸ்டில், அதே தயாரிப்பு கடைசியாக நடந்த ராத்திரி கைதட்டல் 85 நிமிடம் நீடித்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் அணைக்கட்டோடு சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். அணைக்கட்டு அழகான செட், ரிஷார் பெதூஸி போட்டது, மறுக்கவில்லை. ஆனால் ‘மோதிர’த்தை முதலாளித்துவத்தின் கதையாகப் படிப்பது பெர்னார்ட் ஷா 1898லேயே புத்தகம் போட்டுச் சொன்ன விஷயம். ஷெரோவின் புதுமை அதுவல்ல. அவருக்குப் பிறகு வந்த ஒரு கூட்டம் வோட்டான் போட்டிருந்த கோட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. கடவுளுக்கு கோட் சூட், ராஜாவுக்கு ராணுவ உடை, பின்னால் ஒரு தொழிற்சாலை. முடிந்தது நவீன இயக்கம். உள்ளே பாடகர்கள் பழையபடி சபையைப் பார்த்துக் கையை விரித்துப் பாடிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஷெரோ செய்ததைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாம் ராத்திரி ‘வால்கூரெ’யின் நடு அங்கத்துக்குப் போங்கள். படப்பதிவு நல்லபடியாகக் கிடைக்கிறது. வோட்டான் தன் மகள் ப்ரூன்ஹில்டெவிடம் தான் செய்த தப்பையெல்லாம் சொல்கிற இடம். கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஒரே ஆள் பேச்சு. வாக்னர் ரசிகர்களிலேயே பலர் கடிகாரத்தைப் பார்க்கும் இடம் இது. ஷெரோ மேடை நடுவில் ஒரு பெரிய ஊசலை ஆடவிட்டார், பக்கத்தில் ஒரு கண்ணாடி. டொனால்ட் மெக்கின்டயர் கண்ணாடி முன்னால் நின்று, தனக்குத்தானே முணுமுணுப்பது போல ஆரம்பிக்கிறார். இப்போது அவரை விட்டுவிட்டு மகளாக நடிக்கும் குவினெத் ஜோன்ஸைப் பாருங்கள். அப்பா இவ்வளவு பெரிய மனுஷன், இப்படி உடைந்துபோகிறாரே என்று ஒரு மகள் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தோள், கழுத்து, கை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘முடிவு’ என்ற சொல்லில் வோட்டான் ஊசலைப் பிடித்து நிறுத்துகிறான். அந்த அசைவு மகளின் உடம்பில் எப்படிப் போய் இறங்குகிறது என்பதற்காகவே நான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த அங்கத்தின் முடிவு இன்னும் மோசம், அதாவது நமக்கு. தன் மகன் சீக்முண்டின் வாளை வோட்டானே தன் ஈட்டியால் உடைக்கிறான், எதிரி அந்த மகனைக் குத்துகிறான். அப்பா துயரத்தோடு பிணத்தைப் பார்ப்பதாகத்தான் வாக்னர் எழுதியிருக்கிறார். ஷெரோவின் வோட்டான் ஓடிவந்து செத்துக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கையில் தாங்கி அணைத்துக்கொள்கிறான். வாழ்நாளில் அப்பாவாக நடந்துகொள்ளாதவனுக்கு அப்பாவாக இருக்கக் கிடைத்தது சில நொடி. இசையில் ஓர் ஸ்வரம்கூட மாறவில்லை.

எல்லாமே எனக்கு ஒப்புதல் என்று இல்லை. மூன்றாம் ராத்திரியில் காட்டுப்பறவையைக் கூண்டில் அடைத்து வைத்திருப்பார். சுதந்திரம் பறிபோனது, சரி, புரிகிறது. புரிந்த உடனே தீர்ந்தும்போகிறது, வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி. நாலாம் ராத்திரியின் கடைசிக் காட்சி அப்படித் தீராது. எல்லாம் எரிந்து முடிந்தபின் மேடையில் கூட்டமாக நிற்கும் சாதாரண ஜனங்கள் மெல்லத் திரும்பி அரங்கத்தைப் பார்க்கிறார்கள். பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். விசிலோடு வந்தவர்களையும் அவர்கள் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

அந்த வருடங்களில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாயகன் சீக்ஃபிரீடாகப் பாடிய ரெனே கொல்லோவுக்கு ஒரு கோடையில் கால் முறிந்துவிட்டது. மாற்றுப் பாடகரைத் தேடாமல், கொல்லோ ஓரத்தில் இருந்து பாட, மேடையில் சீக்ஃபிரீடாக நடித்தது யார் தெரியுமா? ஷெரோவேதான். பாடாமல் நிற்பவர்களை வைத்துத் தொழில் செய்தவர், ஒரு முழு ஓபராவுக்குப் பாடாத நாயகனாகவே நின்றுவிட்டார்.

1979இல் பாரீஸில் ‘லுலு’. இசையமைத்த ஆல்பன் பெர்க் மூன்றாம் அங்கத்துக்கு வாத்திய அமைப்பை முழுக்க முடிக்காமல் 1935இல் இறந்துபோய், ஃப்ரீட்ரிக் செர்ஹா அதை முடித்துக்கொடுத்த பிறகு முழுசாக நடந்த முதல் மேடையேற்றம். நடத்தியது அதே பூலெஸ். 1994இல் சால்ஸ்பர்க்கில் மொஸார்ட்டின் ‘டான் ஜியோவானி’யை இயக்கிவிட்டு, 2005 வரை புதிதாக ஓபரா பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபின் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது 2007இல் யானாச்செக்கின் ‘மரண வீட்டிலிருந்து’. சைபீரியச் சிறைக்கூடம், நாயகன் என்று யாரும் கிடையாது. ஒரு கைதி தன் கதையைச் சொல்வான், மற்றவர்கள் கேட்பார்கள், அப்புறம் இன்னொருவன். ஷெரோவுக்கென்றே எழுதிவைத்தது போல ஒரு ஓபரா. பாடகர்களோடு நடிகர்களையும் கலந்து நிறுத்தினார், யார் எவரென்று பிரித்துச் சொல்ல முடியாது. முதல் அங்கம் முடியும்போது மேலிருந்து ஒரு லாரிக் குப்பை தொப்பென்று மேடையில் விழுகிறது. கைதிகள் அதைப் பொறுக்கிக் கூட்டுகிறார்கள். பெருக்குவதற்கு ஆள் வைப்பது அங்கேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

திரும்ப ‘எலெக்ட்ரா’வுக்கு வருகிறேன். அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்க, செத்துப்போனதாக எல்லோரும் நம்பும் தம்பி ஒரெஸ்ட் அரண்மனைக்குள் வருகிறான். எலெக்ட்ராவாகப் பாடும் ஈவ்லின் ஹெர்லிட்சியுஸ் நேருக்கு நேர் நின்று பேசியும் அவனை அடையாளம் காணவில்லை. முதலில் கண்டுகொள்வது வேலைக்காரர்கள். ஒரு கிழவர் சத்தமில்லாமல் வந்து ஒரெஸ்டின் காலில் விழுகிறார். முற்றத்து நாய்களுக்குக்கூட என்னைத் தெரிகிறது, அக்காவுக்குத் தெரியவில்லையா என்று அதற்குப் பிறகுதான் அவன் கேட்கிறான்.

அந்தக் கிழவரின் முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பதிவை நிறுத்திவிட்டு நடிகர் பட்டியலைத் தேடினேன். டொனால்ட் மெக்கின்டயர். 1976இல் கோட் போட்டுக்கொண்டு வந்து விசில் வாங்கிய அதே வோட்டான். எண்பதை எட்டிக்கொண்டிருந்தார். ஒரெஸ்டோடு வரும் முதிய ஆசான் ஃப்ரான்ஸ் மஸூரா, அவரும் பைராய்ட் மோதிரத்தில் பாடியவர், தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் சேர்த்துப் பாடுவதற்கு இருப்பது சில வரிகள். மீதி நேரமெல்லாம் ஓரத்தில் நின்று மற்றவர்கள் பாடுவதைக் கேட்கிறார்கள்.

நான் அந்த இடத்தை மறுபடி போட்டேன், இந்தத் தடவை வால்யூமைக் குறைத்துக்கொண்டு.