சாமியாரைக் கூப்பிட ஏன் இவ்வளவு தயக்கம்?

அப்பாவுக்கு நினைவு தப்பிய பிறகுதான், எண்ணெய் பூசி அவருக்காகச் செபிக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டோம். அதற்கு முன் பத்து நாள் நல்ல நினைவோடுதான் படுத்திருந்தார். பேசினார், செபமாலை சொன்னார், யார் யார் வந்து போனார்கள் என்று விசாரித்தார். அப்போதே கூப்பிட்டிருக்கலாம். "சாமியார் வந்து நின்றால் அப்பா பயந்துவிடுவார், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். கடைசியில் ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசியபோது "ஆமென்" என்று நாங்கள் சொன்னோம். அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டிய ஆமென் அது. ஆறு வருடமாக அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நோயாளிக்கு எண்ணெய் பூசும் இந்தச் சடங்கின் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயரே பாதிப் பயத்தைக் கிளப்பிவிடும். இத்தனைக்கும் 1551-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் இதைப் பற்றிப் பேசியபோதுகூட, இது நோயாளிகளுக்கானது, குறிப்பாகச் சாவின் ஆபத்தில் இருப்பவர்களுக்கானது என்றுதான் சொன்னது. நடைமுறையில் அந்தக் 'குறிப்பாக' மட்டும் நின்றுவிட்டது. மூச்சு இழுக்கும்போது கொடுப்பது என்றாகிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) அல்ல இது என்று தெளிவாக எழுதியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே புதுப்பித்தார். அதுவரை கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பூசி, அந்தந்தப் புலனால் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பார்கள். இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறார்கள்; ஆண்டவர் தூய ஆவியின் அருளால் துணைபுரிந்து, மீட்டு, எழுந்திருக்கச் செய்யட்டும் என்று வேண்டுகிறார்கள்.

கடுமையான நோயில் விழுந்தவர், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர், முதுமையில் மிகவும் தளர்ந்துபோனவர் எல்லாரும் இதைப் பெறலாம். குணமாகி மறுபடி விழுந்தால் மறுபடியும் பெறலாம். அதே நோய் முற்றினாலும் பெறலாம். இது தெரியாத கத்தோலிக்கர்கள் எத்தனை பேர்!

விவிலியத்தில் யாக்கோபு மடலின் ஐந்தாம் அதிகாரத்தில், நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்றிருக்கிறது. அழைக்க வேண்டியவர் நோயாளி. அந்த உரிமையைத்தான் நாங்கள் அப்பாவிடமிருந்து பறித்துவிட்டோம், அன்பு என்று நினைத்துக்கொண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் சொன்ன வார்த்தைகள். "கடவுள் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார்." "என்ன பாவமோ, இந்தத் தலைமுறையில் தீரட்டும்." பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் அல்ல, இவர் பெற்றோரும் அல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். அப்புறமும் நாம் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்? விவிலியத்தில், எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்பது என் எண்ணம்.

துன்பத்துக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சுடப்பட்டுப் பிழைத்த மூன்றாம் ஆண்டில், 1984 பிப்ரவரி 11 அன்று, மனிதத் துன்பத்தைப் பற்றியே ஒரு திருத்தூது மடல் எழுதினார். கிறிஸ்துவின் வேதனையில் குறையாயிருப்பதை என் உடலில் நிறைவு செய்கிறேன் என்று திருத்தூதர் பவுல் கொலோசையருக்கு எழுதிய வரியிலிருந்து அது தொடங்குகிறது. சிலுவையில் ஏதோ குறை இருந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. நம்முடைய வலிக்கும் அங்கே அவர் இடம் விட்டிருக்கிறார் என்று பொருள்.

திருப்பலியில் கவனித்திருப்பீர்கள். காணிக்கை நேரத்தில் குருவானவர் இரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். அந்தத் தண்ணீர் மக்களைக் குறிக்கிறது, கலந்த பிறகு பிரிக்க முடியாது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித சிப்ரியான் எழுதினார். நம் வலியைக் கிறிஸ்துவின் பலியோடு சேர்த்து ஒப்புக்கொடுத்தல் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் "ஒப்புக்கொடு, ஒப்புக்கொடு" என்று படுக்கையில் கிடப்பவரிடம் நின்றபடி சொல்ல நமக்கு உரிமை இல்லை. வலியைச் சுமக்கிறவர் தாமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. வலி நிவாரண மருந்து எடுத்துக்கொண்டால் சிலுவையைத் தட்டிக்கழிப்பதாக ஆகுமோ என்று தவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகாது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே அதை அனுமதித்துப் பேசியிருக்கிறார்.

போன வருடம் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை என்றானது. இந்த முறை நான் ஒளிக்கவில்லை. "சாமியாரைக் கூப்பிடட்டுமா அம்மா?" என்று நேராகவே கேட்டேன். "இன்னும் கூப்பிடலையா?" என்றார்.

முந்தின நாள் மாலை ஃபாதர் வந்தார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு முதலில் பாவசங்கீர்த்தனம் கேட்டார். பிறகு எல்லாரும் உள்ளே போய் நின்றோம். கட்டைவிரல் அளவு டப்பா, உள்ளே எண்ணெயில் நனைந்த பஞ்சு. பேசாமல் அம்மாவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நெற்றியில் சிலுவை வரைந்தார். வலது கையில் ஊசி ஏற்றி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதை அசைக்காமல், விரல்களை மெல்லப் பிரித்து, உள்ளங்கையில் பூசினார். அம்மா சத்தமாக "ஆமென்" என்றார், பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. நற்கருணை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபாதர் கிளம்பும்போது கண்ணைத் திறந்து கேட்டார்: "முதல் வெள்ளிக்கு நான் வீட்டுக்கு வந்துடுவேன் சாமி. அங்கே நற்கருணை கொண்டுவருவீங்களா?"

கொண்டுவந்தார்.