உறங்கும் இரண்டு சட்டங்களில் ஒன்றை மட்டும் எழுப்புகிறார்கள்

ஜேர்மன் குடியுரிமையுள்ள, 2008இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதைப் பொறுமையாக வாசியுங்கள். 2026 ஜனவரி 1 முதல் புதிய படைச்சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 18 வயதாகும்போது ஒரு கேள்விப் படிவம் வரும். ஆண்பிள்ளை அதைக் கட்டாயம் நிரப்பி அனுப்ப வேண்டும், பெண்பிள்ளை விரும்பினால் அனுப்பலாம். 2027 யூலையில் இருந்து அந்த வயது ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் உடற்தகுதிப் பரிசோதனை. படையில் சேர்வது இன்றைக்கு அவரவர் விருப்பம்தான். ஆனால் ஆட்கள் போதாவிட்டால் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கலாம். குலுக்கல் போட்டு ஆளெடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். 2035க்குள் 2 இலட்சத்து 60 ஆயிரம் படையினர் வேண்டும் என்பது இலக்கு.

இந்தச் செய்தியை எங்கள் சனம் கேட்கிற விதம் வேறு. பிள்ளையைப் போரில் இருந்து காப்பாற்றத்தான் பலர் கடல் கடந்து வந்தார்கள். ஹம் நகரத்துக் கோயில் திருவிழாவில் நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு அம்மாவுக்கும் அப்படி ஒரு கதை இருக்கும். அதனால் "இங்கேயும் தொடங்கிவிட்டதா" என்று பயப்படுவோரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்காத ஒருவரை அதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 4ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்த உரிமை இன்றும் இருக்கிறது, எழுத்தில் விண்ணப்பிக்கலாம். நான் வேலை செய்வது முதியோர் பராமரிப்பு இல்லத்தில். ஒரு காலத்தில் இப்படி மறுத்த பெடியன்கள்தான் சிவில் சேவை என்று இந்த மாதிரி இல்லங்களுக்கு வந்து முதியவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், சக்கர நாற்காலி தள்ளினார்கள்.

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு அப்படிச் சொல்ல என்னால் முடியாது. 2025 டிசெம்பர் 5ஆம் திகதி பாராளுமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்றிய அன்றைக்குப் பல நகரங்களில் மாணவர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதில் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. பாதுகாப்பின் விலையை யார் கொடுப்பது என்பதில்தான் எனக்கும் கோபம்.

கட்டாயப் படைச்சேவை 2011இல் ஒழிக்கப்படவில்லை. அமைதிக் காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இன்றைக்கு அதை எடுத்துத் தூசி தட்ட முடிகிறது. இதே போல நிறுத்தி வைக்கப்பட்ட இன்னொரு சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது. அது செல்வ வரிச் சட்டம். 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு குறை கண்டுபிடித்தது: வீடு, காணிகளை 1964ஆம் ஆண்டுப் பெறுமதியில் கணக்கிடுகிறீர்கள், பங்குகளையும் வங்கிப் பணத்தையும் இன்றைய பெறுமதியில் கணக்கிடுகிறீர்கள், இது சமமில்லை என்றது. செல்வத்துக்கு வரி போடவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கணக்கைத் திருத்த 1996 முடியும்வரை காலம் கொடுத்தது. அன்றைய சான்சலர் கோலின் அரசாங்கம் திருத்தவில்லை. 1997இல் இருந்து அந்த வரி அறவிடப்படுவதில்லை. சட்டம் மட்டும் ஏட்டில் இருக்கிறது.

இரண்டு சட்டங்களும் உறங்கிக் கிடந்தன. 18 வயதுப் பிள்ளையின் உடம்பைக் கேட்கிற சட்டத்தை எழுப்பச் சில மாதங்கள் போதுமாக இருந்தன. பெரும் பணக்காரரிடம் காசைக் கேட்கிற சட்டத்தை எழுப்புவோமா என்றால் அது பொறாமை அரசியலாம்.

"செல்வ வரி போட்டால் பணக்காரர் நாட்டை விட்டு ஓடிவிடுவார்கள்" என்பார்கள். எங்கே ஓடுவார்கள்? சுவிற்சர்லாந்துக்கு என்று பதில் வரும். அங்கே எல்லா மாநிலங்களிலும் செல்வ வரி இருக்கிறது. ஆண்களுக்குக் கட்டாயப் படைச்சேவையும் இருக்கிறது. சேவை செய்யாதவர் வரிக்குரிய வருமானத்தில் 3 வீதத்தை ஈடாகக் கட்டவேண்டும். சூரிச்சிலும் பேர்ணிலும் இருக்கிற உங்கள் உறவுகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜேர்மனிக்கே இது புதிதும் இல்லை. 1952இல், சான்சலர் அடனவரின் ஆட்சியில், சுமைப் பங்கீட்டுச் சட்டம் வந்தது. போரில் வீடுவாசல் இழந்து கிழக்கில் இருந்து வந்த அகதிகளுக்கும் குண்டுவீச்சில் எல்லாம் இழந்தவர்களுக்கும் கொடுப்பதற்காக, சொத்துத் தப்பியவர்களிடம் அந்தச் சொத்தின் பெறுமதியில் பாதியைக் கேட்டார்கள். 1948 நாணய மாற்ற நேரத்துப் பெறுமதிதான் கணக்கு. ஒரேயடியாக இல்லை, காலாண்டுத் தவணையாக 1979 வரை கட்டினார்கள். செய்தது இடதுசாரிகள் இல்லை, இன்றைக்குச் சான்சலர் மேர்ட்ஸ் தலைமை தாங்குகிற அதே CDU கட்சி. பொருளாதாரமும் விழவில்லை. எங்களைப் போல அகதியாக வந்தவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். பாடசாலையில் எங்கள் பிள்ளைகள் இதைப் படித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது மறுபக்கம் பாருங்கள். இன்றைய சமூகநல அரசை இந்தப் பொருளாதாரத்தால் இனித் தாங்க முடியாது என்று மேர்ட்ஸ் 2025 ஓகஸ்டில் சொன்னார். அதே ஆண்டு மார்ச்சில்தான் அரசியலமைப்பையே திருத்தி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 வீதத்துக்கு மேல் போகிற பாதுகாப்புச் செலவை, அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற வரம்பில் இருந்து விலக்கினார்கள். ஆயுதத்துக்கு வரம்பில்லை. தனியாள் ஒருவர் வாடகை தவிர மாதம் 563 யூரோவில் சீவிக்கிற பூர்கர்கெல்ட் என்ற அரச உதவிப் பணம் மட்டும் பாரமாகிவிட்டது. அந்த உதவியைக் கொடுக்கிற அலுவலகமான ஜொப்சென்டரின் சந்திப்புக்குத் தொடர்ந்து மூன்று முறை போகாவிட்டால் அந்தப் பணத்தை முழுவதும் நிறுத்தலாம் என்ற திட்டத்தை 2025 டிசெம்பரில் அமைச்சரவை ஏற்றுக்கொண்டது.

எங்கள் ஆட்களும் "சோசலில் இருந்து தின்கிறார்கள்" என்று கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள். 2024இல் பூர்கர்கெல்ட் எடுத்த சுமார் 55 இலட்சம் பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். இன்னும் பலர் வேலைக்குப் போகிறார்கள், சம்பளம் போதாமல் மிச்சத்தை எடுக்கிறார்கள். துப்புரவு வேலையிலும் சமையலறையிலும் அப்படி எத்தனை தமிழர் என்று எங்களுக்கே தெரியும்.

ஏழையிடம் வங்கிக் கணக்கைக் காட்டு, சேமிப்பைக் காட்டு என்பார்கள். பரம்பரைச் சொத்து வரியிலும் ஒரு தேவைப் பரிசோதனை இருக்கிறது. 26 மில்லியன் யூரோவுக்கு மேல் நிறுவனச் சொத்துக் கிடைக்கிற ஒருவர், வரி கட்டத் தன்னிடம் வேறு சொத்துப் போதவில்லை என்று காட்டினால், வரியைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். நிறுவனம் கைக்கு வருகிறது, ஆனாலும் அவர் கட்ட வசதியில்லாதவர். என் சம்பளத்தில் வரி கைக்கு வரும் முன்பே வெட்டப்படுகிறது.

புதிய சேவையில் மாதம் சுமார் 2600 யூரோ சம்பளம். தொழிற்பயிற்சி இடம் கிடைக்காத பெடியனுக்கு அது பெரிய காசு. தகப்பனின் நிறுவனம் காத்திருக்கிற பெடியனுக்கு அது ஒன்றுமில்லை. விருப்பத்தின் பேரில் என்றாலும் யார் போவார்கள் என்பது இப்போதே தெரிகிறது. ஒருநாள் கட்டாயம் வந்தால், எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே குலுக்கலில் நிற்கிற முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. இதை எழுதும்போது என் சொந்தக்காரப் பிள்ளைகளின் முகம் எனக்கு முன்னால் வருகிறது, தெரிந்துதான் எழுதுகிறேன்.

செல்வ வரி வந்தால் அந்தக் காசு மத்திய அரசுக்குப் போகாது, மாநிலங்களுக்குப் போகும், படைக்கு எப்படி உதவும் என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. பாடசாலைகளை நடத்துவது மாநிலங்கள். ஆசிரியர் இல்லாமல் பாடவேளை ரத்தாகிற வகுப்பில் இருந்துதான் நாளைக்குப் பிள்ளையைக் கேட்கப் போகிறார்கள். அந்த வகுப்புக்காவது காசு போகட்டும்.

வாக்குரிமை உள்ளவர்கள் உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். டொச் மொழியில் எழுதக் கஷ்டம் என்றால் பிள்ளையிடம் எழுதச் சொல்லுங்கள், அது அவர்களின் விடயமும்தான். டிசெம்பர் 5 எப்படி வாக்களித்தீர்கள் என்று கேளுங்கள். செல்வ வரிக் கணக்கைத் திருத்தும் சட்டம் வந்தால் எப்படி வாக்களிப்பீர்கள் என்றும் கேளுங்கள். வருகிற பதிலை இங்கே கீழே போடுங்கள்.