பேசாமலேயே ஒரு மசோதாவை முடக்குவது எப்படி

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், விவாதத்தை இழுத்தடித்து மசோதாவை ஓட்டெடுப்புக்கு விடாமல் மறிப்பதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே, விடிய விடிய நின்றுகொண்டு பேசும் ஒரு ஆள்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார். அப்படிப் பேசியவர்கள் உண்டு. 1957இல் ஸ்ட்ராம் தர்மண்ட் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். அவர் உட்கார்ந்த சில மணி நேரத்தில் மசோதா நிறைவேறிவிட்டது. 2025இல் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி தர்மண்டின் சாதனையை முறியடித்தார். ஆனால் அது எந்த மசோதாவையும் மறித்த பேச்சு இல்லை, கறாராகப் பார்த்தால் ஃபிலிபஸ்டரே இல்லை. இன்று மசோதாக்களை நிஜமாகவே சாகடிக்கும் ஃபிலிபஸ்டரில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. என் ஆட்சேபமும் அங்கேதான். மறிப்பவருக்குக் காலணா செலவில்லை. நிறைவேற்ற நினைப்பவர் தலையில்தான் மொத்தச் சுமையும்.

ஒரு மசோதா நிறைவேற 100 பேரில் 51 பேர் போதும். 50-50 என்று வந்தால் துணை அதிபர் ஓட்டுப் போடுவார். சிக்கல், அந்த ஓட்டெடுப்பு வரை போய்ச் சேருவதில். கீழவையில் பெரும்பான்மை நினைத்தால் “விவாதம் போதும்” என்று தீர்மானம் போட்டு முடித்துவிடலாம். செனட்டின் விதிப் புத்தகத்திலும் அப்படி ஒரு தீர்மானம் இருந்தது. யாரும் அதிகம் பயன்படுத்தவில்லையே என்று 1805இல் துணை அதிபர் ஆரோன் பர் சொல்ல, 1806இல் விதிகளைச் சீர்செய்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஃபிலிபஸ்டர் நாட்டை உருவாக்கியவர்கள் கொடுத்த கொடை என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அரசியல் சட்டத்தில் அது எங்குமே இல்லை.

1917இல் வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதாவை ஒரு சிறு கும்பல் மறித்தது. அதிபர் வில்சன் கொதித்துப்போனார். அதன் பிறகுதான் 22ஆம் விதி வந்தது. விவாதத்தை முடிக்கும் அந்தத் தீர்மானத்துக்கு ‘குளோச்சர்’ என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 1975இல் அதை ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். குறைத்தது எல்லோருக்கும் தெரியும். கூடவே நடந்த இன்னொரு மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. அதற்கு முன் வந்து ஓட்டுப் போட்டவர்களை வைத்துக் கணக்கிட்டார்கள். 1975க்குப் பின் மொத்த உறுப்பினர்களை வைத்து. அதாவது எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் 60.

இதன் விளைவை 2021 மே 28 அன்று பார்க்கலாம். நீண்ட வார இறுதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அந்த ஆண்டு ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவரத்தை விசாரிக்க ஆணையம் அமைக்கும் மசோதாவை எடுத்துக்கொள்ள குளோச்சர் ஓட்டெடுப்பு. ஆதரவு 54, எதிர்ப்பு 35. மசோதா தோற்றது. 11 பேர் வரவே இல்லை, அவர்களில் பெரும்பாலோர் எதிர்க்கும் கட்சிக்காரர்கள். வராமல் இருப்பதும் எதிர்த்து ஓட்டுப் போடுவதும் ஒன்றுதான் என்றால் விமானத்தைத் தவறவிட்டு எதற்கு வர வேண்டும்? வந்த 89 பேரில் ஐந்தில் மூன்று என்று கணக்குப் போட்டிருந்தால் 54 ஓட்டே போதுமாக இருந்திருக்கும்.

இனி நேரக் கணக்கு. மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா என்ற முன்தீர்மானத்தையே மறிக்கலாம். திங்கட்கிழமை பெரும்பான்மைத் தலைவர் 16 கையெழுத்துடன் குளோச்சர் மனு கொடுக்கிறார். நடுவில் ஒரு அவை நாள் கழிய வேண்டும், எனவே ஓட்டு புதன்கிழமை. 60 கிடைத்தாலும் மேற்கொண்டு 30 மணி நேரம் வரை இழுக்கலாம், வியாழன் மாலை ஆகிவிடும். அப்போதுதான் மசோதா அவைக்கே வருகிறது. உடனே மசோதாவுக்கென்று இரண்டாவது மனு. வெள்ளிக்கிழமை அவை கூடாவிட்டால் அந்த இடைநாள் திங்களுக்குப் போகும், ஓட்டு செவ்வாய், மறுபடி 30 மணி நேரம், புதன் இரவு. ஒரே மசோதாவுக்குப் பத்து நாள், அதுவும் 60 பேர் கையில் இருக்கும்போது! இல்லாவிட்டால் தலைவர் அதைக் கொண்டுவருவதே இல்லை. “நான் சம்மதிக்க மாட்டேன்” என்று ஒரு செனட்டர் தன் கட்சித் தலைவர் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால் போதும். பெரும்பாலும் அவைக் குறிப்பில்கூட அது ஏறாது.

இப்படி மலிந்துபோனதற்கு முக்கியக் காரணம் 1970களின் தொடக்கத்தில் அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த இரட்டைத் தடம். மறிக்கப்பட்ட மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பது. நல்ல எண்ணம்தான். அதற்கு முன்பு ஒருவர் மறித்தால் அவருடைய சொந்த மசோதா உட்பட எல்லாமே நிற்கும், சகாக்கள் முறைப்பார்கள். அந்தக் கூச்சம் போய்விட்டது. 1917 முதல் 1970 வரை கொடுக்கப்பட்ட குளோச்சர் மனுக்கள் சுமார் 60. 2021-22இல் மட்டும் 300க்கு மேல். (இந்த எண்ணை அப்படியே ஃபிலிபஸ்டர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பகுதி அதிபரின் நியமனங்களுக்கு ஒப்புதல் தருவதற்காகக் கொடுக்கப்பட்டவை, அவற்றில் நேரத்தைத் தின்பதுதான் நோக்கம்.)

“அப்படியானால் பழையபடி நின்று பேச வையுங்கள்” என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அடி வாங்குவது பெரும்பான்மைதான். மறிக்கும் தரப்பில் பேச ஒருவர் இருந்தால் போதும். அவர் நடுவில் “கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை” என்று எழுப்பினால் 51 பேர் அவைக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் வேலை நிற்கும். ஆக, மறிப்பவர்கள் முறை வைத்துத் தூங்க, மற்றவர்கள் ராத்திரி முழுக்கக் கட்டிலைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரே விஷயத்தில் ஒரு ‘சட்ட நாளில்’ (அவை ஒத்திவைக்கப்படும் வரை அது ஒரே நாள்தான்) ஒருவர் இரண்டு முறைதான் பேசலாம் என்று 19ஆம் விதி சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் புது விஷயம். திருத்தத்தைப் போட்டால் கணக்கு முதலிலிருந்து. 1988 பிப்ரவரியில் தேர்தல் நிதி மசோதாவுக்காகப் பெரும்பான்மைத் தலைவர் ராபர்ட் பைர்ட் இப்படிப் பேச வைக்க முயன்றார். கோரம் சேர்க்க, வராத உறுப்பினர்களைப் பிடித்துவர உத்தரவானது. எதிர்த்தரப்பு செனட்டர் பாப் பேக்வுட்டை நள்ளிரவு தாண்டி அவைக் காவலர்கள் காலை முன்னே நீட்டித் தூக்கிக்கொண்டு வந்து அவைக்குள் விட்டார்கள். மசோதா அப்படியும் தேறவில்லை.

என் யோசனை எளிது. நிறைவேற்ற 60 பேரைத் தேட வேண்டாம். விவாதம் தொடர வேண்டும் என்று சொல்லும் 41 பேர் ஓட்டெடுப்புக்கு நேரில் வரட்டும். நள்ளிரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும். 40 பேரே வந்தால் விவாதம் முடிந்தது. உண்மையான எதிர்ப்பு இருந்தால் 41 பேர் வருவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

சிறுபான்மைக் கருத்துக்கு இது காவல் என்ற வாதத்தை நான் அடியோடு தள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சட்டம் தலைகீழாக மாறினால் யாருக்கும் நல்லதில்லை. ஆனால் அந்தக் காவல் யாரைக் காத்தது என்றும் பார்க்க வேண்டும். கும்பல் கொலைக்கு எதிரான மசோதா 1922இல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் மறிக்கப்பட்டது. அப்படி ஒரு சட்டம் வந்தது 2022இல். 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு 60 அவை நாட்கள் இழுத்தடிப்பு. ஜூன் 10 அன்று 71-29 என்று குளோச்சர் வென்றபோது, மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயர் அழைத்ததும் அவர் கண்ணைச் சுட்டிக்காட்டினார். அது ‘ஆம்’ என்று பதிவானது.

மறிப்பு வாசலை அடைத்தால் சந்து வழி திறக்கும். பட்ஜெட் மசோதா என்று பெயர் வைத்தால் ரீகன்சிலியேஷன் என்ற, மறிக்க முடியாத தனி நடைமுறை வழியாக 20 மணி நேர விவாதம், 51 ஓட்டு. அதனால் எல்லாவற்றையும் வரவு செலவு போல வேடம் கட்டி எழுதுகிறார்கள். பட்ஜெட்டுக்குச் சம்பந்தமில்லாததை ‘பைர்ட் விதி’ வெட்டிவிடும். 2021இல் 15 டாலர் குறைந்தபட்சக் கூலி அப்படித்தான் போனது. 2017 வரிச் சட்டத்தின் பெயரே வெட்டப்பட்டது. கணக்குக் காலத்துக்குப் பின் பற்றாக்குறை கூடக் கூடாது என்பதால் அதே சட்டத்தில் தனிநபர் வரிச் சலுகைகளுக்கு 2025 கடைசியைக் காலாவதித் தேதியாக வைத்தார்கள். கொள்கைக்காக யாரும் அந்தத் தேதியை வைக்கவில்லை, விதிக்காக வைத்தார்கள்.

விதியை மாற்றுவது முடியாது என்பதும் பாதி உண்மைதான். விதி மாற்றத்தை யாராவது மறித்தால், எல்லோரும் வந்திருக்கும் அவையில் 67 வேண்டும். ஆனால் ஒருவர் விதிமீறல் என்று எழுப்பி, அவைத் தலைமை மறுத்து, அந்தத் தீர்ப்பை 51 பேர் கவிழ்த்தால் புது முன்னுதாரணம் ரெடி. 2013 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு 52-48 என்று இதைச் செய்தார். 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் உச்ச நீதிமன்றத்துக்கும் செய்தார், அதே 52-48. அந்த மாதமே 61 செனட்டர்கள் சட்டங்களுக்கான ஃபிலிபஸ்டரைக் காப்பாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அதில் கையெழுத்திட்ட ஜனநாயகக் கட்சியினர் பலர், 2022 ஜனவரியில் வாக்குரிமை மசோதாவுக்காக அதை வளைக்க ஓட்டுப் போட்டார்கள். அதே கட்சியின் ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினெமாவும் எதிர்த்ததால் 48-52 என்று தோற்றது. 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் நீடித்த ஷட்டவுனின்போது (நிதி ஒதுக்கீடு இல்லாமல் அரசு முடங்கியபோது) அதிபர் டிரம்ப் ஃபிலிபஸ்டரை ஒழிக்கச் சொன்னார். அவர் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூன் மறுத்தார். ஆளுங்கட்சித் தலைவருக்கும் அது சௌகரியம்தான். சொந்தக் கட்சியில் பத்துப் பேருக்குப் பிடிக்காத மசோதாவை ஓட்டுக்கு விடாமல் வைத்துக்கொண்டு, கேட்பவர்களிடம் “60 இல்லையே” என்று சொல்லிவிடலாம்.