வீட்டை விற்கிறதா, வேலையைப் பார்க்கிறதா?

மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறி, தாத்தா வீட்டை விற்கிற வேலையாகக் கும்பகோணம் போய், ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை மீட்டிங்கில் தூக்கக் கலக்கத்தோடு உட்காருகிறேன். முடியவில்லை.

வாங்குகிறவர் 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) கேட்டார், நியாயம்தான், ஆன்லைனிலேயே எடுத்தாயிற்று. ஆனால் பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கிறது. அதை மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தாத்தா, அப்பா இருவரின் இறப்புச் சான்றிதழ், அத்தைகளின் ஆதார், அப்புறம் தாலுகா ஆபீசுக்கு நடை. எல்லாமே வேலை நாளில்தான் நடக்கும். லீவு கேட்டால் மேனேஜர், "இன்னுமா வீடு விக்கல?" என்கிறார்.

போன வியாழன் கிளையண்டோடு ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கும்போது, வீட்டில் சாமான்களைப் பார்க்கப் போன பழைய பாத்திரக்காரர் போன் செய்து பித்தளைத் தவலைக்குக் கிலோ விலை பேசுகிறார். மியூட் போட்டுவிட்டுப் பேசினேன். அந்தத் தவலையின் கழுத்தில் பாட்டி பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், தடவினால் இன்றும் விரலில் தட்டுப்படும். அதை எடைக்குப் போட இரண்டு நிமிஷத்தில் நான் சரி சொல்ல வேண்டுமாம்! தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குத் திரும்பினால், அங்கே எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். என்ன கேட்டார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.