உப்புத்தண்ணி குடுத்தா விஷம் இறங்குமா?

"மாத்திரை ஓவரா முழுங்கிட்டா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைங்க, சரியாயிடும்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. சுத்தத் தப்பு. வாந்தில எல்லா மருந்தும் வெளிய வராது, ஆளு மயக்கத்துல இருந்தா வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும், உப்பு ஜாஸ்தியானா ரத்தத்துல சோடியம் ஏறி அதுவே உயிரை எடுத்துடும்.

இதுல பாராசிட்டமால் இருக்கே, அதுதான் பெரிய ஏமாத்துக்காரன். முதல் 24 மணி நேரம் லேசா குமட்டல், சில பேருக்கு அதுவும் இருக்காது, நாமளும் தப்பிச்சாச்சுன்னு நினைப்போம், ஆனா உள்ள கல்லீரல் கெட்டுக்கிட்டே இருக்கும், ரெண்டு மூணு நாள்லதான் வெளிய தெரியும். அசிட்டைல்சிஸ்டீன்னு இதுக்கு முறிவு மருந்து இருக்குங்க, மாத்திரை முழுங்கின 8 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா கல்லீரலை பெரும்பாலும் காப்பாத்திடலாம். வாந்திக்குக் காத்திருக்காம, காலி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கிட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, எத்தனை மணிக்கு முழுங்கினாங்கன்னு மறக்காம சொல்லுங்க.