அக்வினாஸ் அப்படிச் சொல்லவே இல்லைங்க
"எல்லாத்துக்கும் காரணம் இருக்கு, அதனால கடவுள் இருக்காருன்னு அக்வினாஸ் சொன்னாரு, அப்ப கடவுளுக்கு யாரு காரணம்"னு மேல ஒருத்தர் கேட்டு லைக்கும் அள்ளிட்டாரு, ஆனா அக்வினாஸ்ங்கிற அந்த இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் "எல்லாத்துக்கும்"னு சொல்லவே இல்ல. அவரோட 'சுமா தியாலஜியே' புத்தகத்துல முதல் பாகம் 2-ம் கேள்வில, கடவுள் இருக்காருன்னு காட்ட அவர் சொல்ற ஐந்து வழிகள்ல முதல் வழி ஆரம்பிக்கிறதே "உலகத்துல சிலது மாறுது, மாறுற எதையும் வேற ஒண்ணுதான் மாத்துது"ன்னு. அதவிட, உலகத்துக்குத் தொடக்கம் உண்டுன்னு தர்க்கத்தால நிரூபிக்க முடியாது, அது விசுவாசம்னு 46-ம் கேள்வில அவரே எழுதிட்டாரு. "தொடங்குற எதுக்கும் காரணம் உண்டு, உலகமும் தொடங்குச்சு, அதனால அதுக்கும் காரணம் உண்டு"ன்னு தொடக்கத்த வச்சுப் பேசுற கலாம் வாதம் கஸாலி மாதிரி இஸ்லாமிய அறிஞர்கள் வழி வந்தது, 1979ல கிறிஸ்தவ தத்துவவாதி வில்லியம் லேன் கிரெய்க் அதப் பத்தி புக் போட்டப்புறம்தான் கிறிஸ்தவங்க பக்கம் பிரபலமாச்சு, ரெண்டையும் போட்டுக் குழப்புறீங்க. அக்வினாஸ்கிட்ட ஓட்டையே இல்லேன்னு சொல்ல வரல, காரணத் தொடர் முடிவில்லாம போக முடியாதுன்னு ரெண்டு வரில தாண்டிடுறாரு, அடிக்கணும்னா அங்க அடிங்க.