கோவலனைக் கொல்லும் முன் இளங்கோ ஒரு சமையல் வைத்தார்

இருண்ட கதை எழுதுகிற பலர் முதல் பத்தியிலேயே பிணத்தைக் கிடத்திவிடுகிறார்கள். ரத்தம், ஈ, நாற்றம், பக்கத்தில் தலைவிரித்து அழும் பெண். படிப்பவருக்கு அருவருப்பு வருகிறது, துக்கம் வருவதில்லை. செத்தது யாரென்றே தெரியாதபோது எப்படி வரும்? அதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் ரத்தம், இன்னும் ஒரு பிணம். உப்பு கரிக்கிற குழம்பில் மேலும் உப்பைக் கொட்டுகிற வேலை.

சிலப்பதிகாரத்தின் 15, 16, 17ஆம் காதைகளை (அத்தியாயங்களை) ஒரே மூச்சில், எழுதுகிறவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். கோவலன் கொலைப்படுவான் என்பதைப் பதிகத்திலேயே, அதாவது முன்னுரையிலேயே, சொல்லியாயிற்று. ட்விஸ்ட் என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் தொண்டை அடைக்கிறது.

இளங்கோவுக்கு இருந்த பெரிய சிக்கல் கோவலனேதான். கட்டியவளை விட்டுப் போனவன், சொத்தைத் தொலைத்தவன். இவன் செத்தால் ‘நல்லா வேணும்’ என்றுதான் தோன்றும். அதனால் கொலைக்கு முந்தைய அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணனைக் கொண்டுவருகிறார். மத யானையிடம் சிக்கிய முதிய அந்தணரைக் கோவலன் மீட்டது, பூதத்தின் கையில் அகப்பட்டவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்தது எல்லாம் அங்கேதான் வருகின்றன. சொல்வது மாடலன், கோவலன் இல்லை. தன் நல்ல மனசைத் தானே பேசுகிற பாத்திரத்தை எந்த வாசகரும் நம்புவதில்லை. நம் கதைக்கும் இது அப்படியே பொருந்தும்: சாகப்போகிறவரைப் பற்றிய ஒரு நல்ல செய்தி, வேறொருவர் வாயால், சாவுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் சாவு வரும்போது மறந்திருக்கும்.

அடுத்து அந்தச் சமையல். அடைக்கலம் தந்த இடைக்குலப் பெண் மாதரி கொடுத்த காய்களைக் கண்ணகி வளைந்த அரிவாளில் நறுக்குகிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. ஓலைத் தடுக்குப் போட்டு, கணவன் காலைக் கழுவி, தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்து, ‘அமுதம் உண்க அடிகள் ஈங்கென’ என்கிறாள். காதல் என்ற சொல்லே தேவைப்படவில்லை. மாதவியோடு போன காலம் முழுவதும் அந்த ஒரு இலையில் தீர்ந்துபோகிறது. சாப்பிட்டு முடித்தவன் தன் தவறுகளைச் சொல்லி நோகிறான். இந்த இருவருக்கும் ஒரு நாளை வேண்டும் என்று வாசகர் ஆசைப்பட ஆரம்பிக்கும் இடம் அது. அந்த ஆசை முளைத்த பிறகுதான் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். எதிரே காளை வருகிறது. கெட்ட சகுனம், அது அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான். பல்லி, பூனை, ஆந்தை என்று ஐந்து சகுனத்தை அடுக்கினால் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிடும்.

இனி எல்லோரும் தவறவிடும் இடம். காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் கொலைப்படத் தக்கவன் அல்லன் என்கிறார்கள். தப்பிக்க ஒரு கதவு திறக்கிறது. பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அதைச் சாத்துகிறான். கதவே இல்லாத அறைக்குள் பாத்திரத்தை அடைத்துக் கொன்றால் வாசகர் முதலிலேயே மனதைத் தேற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

வெட்டு எத்தனை வரி என்று நினைக்கிறீர்கள்? ‘வெள்வாள் எறிந்தனன் விலங்கூடு அறுத்தது.’ ஒரே வரி. வெட்டியவன் படிக்காத குடிகாரன் ஒருவன், பெயர்கூட இல்லை.

பொற்கொல்லனையும் கவனியுங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். பிடிபடுவதற்குள் யார் தலையிலாவது கட்ட வேண்டும். ஊருக்குப் புதியவன் ஒருவன் ஒற்றைச் சிலம்போடு தானாக வந்து நிற்கிறான். இந்தக் கணக்கு நமக்குப் புரிந்துவிடுகிறது, அதனால்தான் குளிரெடுக்கிறது. சும்மா சிரித்தபடி கொல்லும் சைக்கோ வில்லன் சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

கொலை முடிந்ததும் கண்ணகிக்குச் சேதி போகவில்லை. நடுவில் ஆய்ச்சியர் குரவை, இடைக்குலப் பெண்கள் கைகோத்து ஆடும் கூத்து. பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, அந்தக் கெட்ட சகுனங்களுக்காக ஆடுகிறார்கள். கண்ணகி உட்கார்ந்து பார்க்கிறாள். அவன் செத்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஒரு காதை முழுக்க நம்மை அந்த அவஸ்தையில் வைத்திருக்கிறார் மனுஷன்.

அளவு கேட்பவர்களுக்கு என் கணக்கு: 3000 சொல் கதையில் முதல் 1200 சொல்லுக்குள் குற்றம் வேண்டாம், அன்றாட வேலை ஒன்றை முழுசாகக் காட்டுங்கள். சாவுக்கு 50 சொல் தாராளம். அதற்குப் பிறகு குறைந்தது 700 சொல், மிச்சமிருப்பவர்களுக்கு. பாலியல் வன்முறையைக் கொக்கியாக முதல் வரியில் போடுவதை நிறுத்துங்கள். அங்கே அந்தப் பெண் ஆளாகவே இல்லை, வெறும் சம்பவம்.

மொழியில் ஒரே ஒரு திருத்தம். ‘அவள் இதயம் சுக்குநூறானது, கண்ணீர் ஆறாய்ப் பெருகியது’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வழக்கம்போல மூன்று ஆழாக்கு அளந்து களைந்துவிட்டாள். ஊறிய அரிசியைத் திரும்ப டப்பாவில் போட முடியாது.’ எழுதுகிறவர் அழுது முடித்துவிட்டால் வாசகருக்கு வேலை இல்லை.

கதை முடிந்ததும் சாவுக் காட்சியை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பக்கங்களை நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். ‘இந்த ஆளுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கணும்னு நினைக்கிறீங்க?’ என்று கேளுங்கள். ‘தெரியலையே’ என்றால் பிணத்தைத் தொடாதீர்கள், சமையலறைக்குத் திரும்பிப் போங்கள்.